நேரடித் திட்டு, வரதய்யபாளையம் குழாயடி

என் மாமா நேசகுமாரோடு ஹோட்டலுக்குப் போவதில் ஒரு தொல்லை உண்டு. நான் மசால் தோசை சொல்வேன். சர்வர் அவர் பக்கம் திரும்புவார். மாமா, "மேலது" என்பார்.

திருப்பதி சர்வர்களுக்குத் தெலுங்கு, தமிழ், கன்னடம், வேண்டிய அளவுக்கு இந்தி எல்லாம் தெரியும். இந்த ஒரு சொல்தான் புரியாது. ஆய்வேடுகளில் ஒரே நூலை அடுத்தடுத்துக் காட்டும்போது இரண்டாம் முறை முழு விவரமும் எழுத மாட்டார்கள், "மேலது" என்று போட்டுவிடுவார்கள். மேலே சொன்ன அதேதான் என்று பொருள். மாமாவுக்கு மசால் தோசையும் அப்படித்தான்.

பல்கலைக்கழகத்துக்குப் பின்புறச் சந்தில், ஜெராக்ஸ் கடைக்கும் ஜூஸ் கடைக்கும் நடுவில் அவர் கடை. டைப்பிங், பைண்டிங் எல்லாம் அந்தச் சந்தில் எல்லோரும் செய்வார்கள். மாமாவைத் தேடி வருவது ஆய்வேட்டின் கடைசிப் பக்கங்களுக்காக. துணைநூற்பட்டியல். புத்தகம் என்றால் ஆசிரியர், ஆண்டு, தலைப்பு, பதிப்பகம், ஊர். செய்தித்தாள் என்றால் தேதியும் பக்கமும். இணையதளம் என்றால் பார்த்த நாள். கல்யாணப் பத்திரிகை, சுவரொட்டி, வாட்ஸ்அப் குரல்செய்தி என்று மாணவர்கள் எதைக் கொண்டுவந்தாலும் அதற்கு அவரிடம் ஓர் அச்சு இருந்தது. சுவரொட்டிக்கு "ஒட்டியவர் தெரியவில்லை" என்று சேர்த்தது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு.

இந்தப் பைத்தியம் சித்தூர் சபையின் ஞாயிறு பள்ளியில் பிடித்தது. அங்கே வசனத்தை மட்டும் ஒப்பித்தால் மிட்டாய் கிடையாது. பைபிளில் எந்த ஆகமம், எத்தனையாம் அதிகாரம், எத்தனையாம் வசனம் என்று இடத்தையும் சொன்னால்தான் மிட்டாய். வளர்ந்த பிறகும் மாமா ஊரில் யார் எதைச் சொன்னாலும் இடம் கேட்டார். ஒருமுறை ஆராதனையில் போதகர் ஐயர், "ஒரு அறிஞர் சொன்னார்" என்று ஆரம்பித்தபோது மாமா எழுந்து நின்று, "யார் அவர், ஐயரே?" என்று கேட்டுவிட்டார். கேசியா அத்தை சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். அத்தையின் வீட்டு பிரிட்ஜைத் திறந்தால் பாத்திரங்கள் மேல் சீட்டு ஒட்டியிருக்கும். "மீன் குழம்பு. சூளூர்பேட்டை. பார்த்த நாள்: ஞாயிறு."

நான் ஊர் ஊராக, நாடு நாடாகச் சுற்றிவிட்டுச் சித்தூருக்குத் திரும்பியிருந்தேன். ஒரு வாரத்துக்கு மேல் வீட்டில் கால் தரிக்கவில்லை. மூன்றாவது முறையாக அலமாரியை இடம் மாற்றி வைத்தபோது அம்மா, "திருப்பதிக்குப் போய் உங்க மாமனுக்கு ஒத்தாசை பண்ணு, இந்த வீடு பாவம்" என்று அனுப்பிவிட்டாள். மாமா கணினியில் காற்புள்ளிகளைப் பார்க்க, நான் பட்டியலை உரக்கப் படிக்க வேண்டும். காற்புள்ளியையும் வாய்விட்டுப் படிக்க வேண்டும். அதுதான் வேலை.

மோனிகா வந்தது அப்படி ஒரு நாள். நகரி ஊர்ப் பெண். வீட்டில் பவர்லூம் ஓடும் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியதால் ரகசியத்தையும் சந்து முழுக்கக் கேட்கிற மாதிரிதான் சொல்வாள்.

"அண்ணா, என் தீசிஸ் திட்டைப் பத்தி! எல்லைப்பக்கம் தமிழும் தெலுங்கும் கலந்து திட்டுறாங்க இல்ல, அது! புக்கு கொஞ்சந்தான். மீதியெல்லாம் ஒரே அம்மா திட்டுனது. அதை எப்படிப் பட்டியல்ல போடறது?"

ஜூஸ் கடைக்காரர் மிக்ஸியை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

அந்த ஒரே அம்மா, வரதய்யபாளையம் செல்லியம்மா. குழாயடியில் அவளுக்கு ஈடு யாரும் கிடையாது. கெட்ட வார்த்தை ஒன்றுகூடப் பேச மாட்டாள். அது தெரியாதவர்கள் பேசுவது என்பாள். "உன் கல்யாணத்துல சாம்பார் பக்கெட்டு உன் வரிசைக்கே வராமப் போக." "நீ ஏறுற பஸ்செல்லாம் டிப்போவுக்கே போய்க்கினு இருக்க." பாதியில் தெலுங்குக்குத் தாவி "நீ மொகம் மண்ட" என்று முடிப்பாள். முகம் எரிய என்று அர்த்தம். போனில் பதிவு செய்யக்கூடாது என்ற நிபந்தனையில், மோனிகா குழாயடியில் குடத்தோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் கையால் எழுதியிருந்தாள்.

"பேட்டின்னு போடலாமா?" என்று நான் கேட்டேன்.

மாமா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "பேட்டின்னா கேள்வி கேட்கணும், பதில் சொல்லணும். அந்தம்மாவை யாரும் கேட்கவே இல்லையே." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்குப் புது அச்சு உதிக்கும்போது அப்படித்தான் செய்வார். "நேரடித் திட்டு. இடம், வரதய்யபாளையம் குழாயடி. தேதி."

மோனிகா கை தட்டினாள். சித்தூரில் ஒரு கல்லூரியில் அவளுக்கு விரிவுரையாளர் வேலை தயாராக இருந்தது. கல்லூரி திறப்பதற்குள் பட்டம் வந்தால் வேலை, வராவிட்டால் அடுத்து இருப்பவருக்குப் போய்விடும். அவளுடைய அவசரம் எங்களையும் தொற்றிக்கொண்டது. அந்த அவசரத்தில்தான் மாமா சறுக்கினார்.

அந்த ஆண்டு பல்கலைக்கழகம் ஒரு புது விதி கொண்டுவந்திருந்தது. பட்டியலில் குடும்பப் பெயர் முதலில் வர வேண்டும், தனி எழுத்து இருந்தால் அதை விரித்து எழுத வேண்டும். மாமாவின் கடைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் தெலுங்குக்காரர்கள். அவர்கள் பெயருக்கு முன்னால் நிற்கும் எழுத்து வீட்டுப் பெயர், தலைமுறை தலைமுறையாக வருவது. அதை விரித்து முன்னால் போட்டால் சரியாக இருக்கும். தமிழர்களுக்கு அந்த எழுத்து அப்பா. கல்யாணமான பல பெண்களுக்குப் புருஷன். எங்கள் பக்கத்தில் பெயரை மட்டும் வைத்து யார் தமிழ், யார் தெலுங்கு என்று சொல்லவும் முடியாது. "மு. செல்லியம்மா" என்று எழுதியிருந்ததைப் பார்த்து மாமா போன் போட்டார்.

"அம்மா, பேருக்கு முன்னாடி மு இருக்குதே, அது இன்னா?"

பின்னால் குடங்கள் முட்டிக்கொள்ளும் சத்தம். "முனிரத்தினம்! ஏய், அது என் வரிசை, தள்ளு!" போன் நின்றது.

மாமா அதைக் கணினியில் ஏற்றிப் பட்டனைத் தட்டினார். ஆய்வேடு முழுக்கப் பெயர்கள் தாமாக மாறிக்கொண்டன.

அது யார் என்று கேட்காமல் விட்டதுதான் தப்பு. முனிரத்தினம் அவள் புருஷன். அந்த மனிதர் வாழ்நாளில் ஆட்டைக்கூட அதட்டியதில்லை. ஆடு மேய்க்கிறவர் என்பதால் இது ஊரில் பெரிய சிரிப்பு. அவர் ஆடுகள் அவரை மேய்த்துக்கொண்டு போகும்.

பிரதிகளெல்லாம் பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகு, மோனிகா ஒரு பிரதியைப் பழம், ரவிக்கைத் துணியோடு செல்லியம்மாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அந்த வீட்டில் படித்தவர்கள் தெலுங்குப் பள்ளியில் படித்தவர்கள். தமிழ் எழுத்துத் தெரிந்தவள் பக்கத்து அறையில் குடியிருந்த ரோஜா. ஸ்ரீ சிட்டி பாக்டரிக்காகக் கும்மிடிப்பூண்டிப் பக்கமிருந்து வந்தவள். மறுநாள் காலை ஷிப்டுக்குப் போகும் முன் குழாயடியில் நின்று எல்லோருக்கும் உரக்கப் படித்தாள்.

"'உன் செல்போனு சார்ஜு ஒண்ணுலயே நிக்க' எனும் வசவு, நவீன வாழ்வின் பதற்றத்தைச் சுட்டுகிறது என்பதை முனிரத்தினத்தின் மொழிநடை உணர்த்துகிறது."

தூக்கிய குடங்கள் மறுபடி கீழே இறங்கின.

"யாரு மொழிநடை?" என்றாள் செல்லியம்மா.

ரோஜா பக்கத்தைத் திருப்பினாள். "முனிரத்தினம்." இன்னொரு பக்கம். "முனிரத்தினம்." கடைசிப் பக்கம். "முனிரத்தினம், செ. நேரடித் திட்டு."

குடங்கள் நிரம்பி வழிந்ததாம், யாரும் குழாயை மூடவில்லையாம். சிரிப்பு அடங்க அவ்வளவு நேரம்.

இதையெல்லாம் மோனிகா எங்கள் கடையில் வந்து சொன்னபோது முதல் முறையாக அவள் குரல் தாழ்ந்திருந்தது. ஜூஸ் கடைக்காரர் கிட்டே வந்து நின்று கேட்க வேண்டியிருந்தது. இன்னொரு இடியும் வைத்திருந்தாள். சென்னையிலிருந்து வரும் தேர்வாளர் பேராசிரியர் ப. திலீப் எழுதியிருந்தார்: ஆய்வேடு நன்று, ஆனால் பெண்கள் கூடும் குழாயடியில் ஓர் ஆண் இவ்வளவு திட்டியிருப்பார் என்று நம்ப முடியவில்லை, பதிவும் இல்லை, ஆகவே வைவா எனும் வாய்மொழித் தேர்வுக்குத் தகவலாளரை, அதாவது திட்டியவரை, நேரில் அழைத்து வரவும்.

"செல்லியம்மா வரலைன்னா நான் கதை கட்டுனேன்னு ஆயிடும். அவங்க என்கிட்ட பேசவே மாட்டேன்றாங்க. திட்டக்கூட மாட்டேன்றாங்க, அண்ணா!"

மாமா பட்டியலை எடுத்துப் பார்த்தார். முகம் ஈரத்துணி மாதிரி தொங்கிவிட்டது. "என் கடையில இருந்து போன ஒரு பட்டியலும் இதுவரைக்கும் திரும்பி வந்ததில்ல" என்றார்.

"ஆதாரம்?" என்று கேட்க எனக்கு வாய் வந்தது. கேட்கவில்லை.

மறுநாள் மூவரும் சத்தியவேடு பஸ்ஸில் வரதய்யபாளையம் போய் இறங்கினோம். டீக்கடை வாசலில் வெள்ளைச் சட்டையோடு முனிரத்தினம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்தக் கடையில் நாற்காலி யாருக்கும் போடுவதில்லையாம், புத்தகத்தில் பெயர் வந்ததிலிருந்து இவருக்கு மட்டும். எதிரே வந்த இளவட்டங்கள் வணக்கம் வைத்தார்கள்.

"அண்ணே, எங்க மேஸ்திரிக்கு ஒரு திட்டு எழுதிக் குடுங்கண்ணே" என்றான் ஒருவன்.

"பாக்கலாம், பாக்கலாம்" என்றார் முனிரத்தினம்.

மாமா விஷயத்தைச் சொன்னார். முனிரத்தினம் யோசித்து, "புக்குல இருக்கறது இருக்கட்டுமே சாமி. வைவாவுக்கு நானே வரேன். பஸ்சு எத்தினி மணிக்கு?" என்றார்.

வீட்டில் செல்லியம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நாங்கள் உள்ளே வந்ததும் பாய் போட்டாள். மோர் கொடுத்தாள். "வாங்க, உக்காருங்க, வெயில்ல வந்துக்கினு கீறீங்க" என்றாள். மோனிகா என் காதில் (அதாவது தெருவுக்கே கேட்கும்படி), "பாத்தியா, எவ்ளோ கோபம்!" என்றாள்.

மாமா கைகூப்பினார். "அம்மா, தப்பு என்னுது. நல்லா நாலு வார்த்தை திட்டிடுங்க."

"நான் இன்னாத்துக்கு திட்டணும், சார்? திட்றவரு டீக்கடையில கீறாரு. அங்க போய் வாங்கிக்கினு போங்க."

"பிழைதிருத்தம்னு ஒரு சீட்டு அடிச்சி எல்லா பிரதியிலயும் ஒட்டிடறேன்."

"ஊரே சிரிச்சி முடிச்சப்புறம் துண்டுச் சீட்டா? வாயி என்னுது, தொண்டைத் தண்ணி என்னுது. வயசு பூரா அந்தாளு பக்கத்துல நின்னு கேட்டுக்கினு இருந்தான். கேட்டவன் பேரு புக்குல. கத்துனவ பேரு ஒரு எழுத்து. அதுவும் கடைசியில."

எனக்கு அவள் மேல் பாசம் வந்துவிட்டது. என் பாஸ்போர்ட்டிலும் இப்படித்தான் ஆனது என்று சொன்னேன். குடும்பப் பெயர் என்ற இடத்தில் நைனா, அதாவது அப்பா பெயரைப் போட்டுவிட்டார்கள். போன தேசமெல்லாம் விமான நிலையத்தில் என்னை "ஜெபமணி! ஜெபமணி!" என்று கூப்பிட்டார்கள். நான் நைனா எங்கே என்று திரும்பிப் பார்ப்பேன்.

செல்லியம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "அவ்ளோ தூரம் நீ போனே, பேரு உங்க நைனாவுக்கா?"

"அவர் சித்தூரைத் தாண்டினதே அபூர்வம்."

அவள் உதடு துடித்தது. ஏதோ வரப்போகிறது என்று மூவரும் முன்னால் சாய்ந்தோம். வரவில்லை. "இன்னும் கொஞ்சம் மோரு ஊத்தட்டா?" என்றாள். வர மாட்டேன் என்பதில் மட்டும் உறுதியாக இருந்தாள்.

திரும்பும் வழியில் காளஹஸ்தியில் டீ குடிக்க இறங்கியபோது மாமா, "எனக்கும் ஒரு டீ" என்றார். மேலது என்று சொல்லவில்லை. அவ்வளவு வருத்தம்.

வைவா அன்று தமிழ்த் துறை நிறைந்திருந்தது. யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம் என்பதால், திட்டைப் பற்றியது என்று கேள்விப்பட்டு வேதியியல் மாணவர்கள்கூட வந்து சுவரோரம் நின்றார்கள். ஜூஸ் கடைக்காரர் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார். முன்வரிசையில் முனிரத்தினம், புதுத் துண்டு தோளில். நெறியாளர் பேராசிரியர் தமிழ்வேந்தன் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மோனிகா மேடையில் நின்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் யாருமில்லை.

பேராசிரியர் திலீப் மென்மையான மனிதர். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுக் கடைசியில் கேட்டார்: "தகவலாளர் வந்திருக்கிறாரா?"

முனிரத்தினம் எழுந்தார்.

"ஐயா, பக்கத்துக்குப் பக்கம் உங்களைத்தான் காட்டியிருக்கிறார்கள். எங்களுக்காக ஒரு வசவு சொல்லுங்கள். என்னையே திட்டலாம், தவறில்லை."

முனிரத்தினம் தொண்டையைச் செருமினார். துண்டை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார். தேர்வாளரை மேலும் கீழும் பார்த்தார்.

"உங்க... உங்க மூஞ்சி..." என்று ஆரம்பித்தார். முயன்றார். முகம் சிவந்தது. "உங்க மூஞ்சி லட்சணமா கீது, சார்."

வேதியியல் மாணவர்கள் சுவரில் சரிந்தார்கள். திலீப் பேனாவை மூடினார். மோனிகா என்னைப் பார்த்தாள். சித்தூர்க் கல்லூரி அவள் கண்ணிலிருந்து கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது.

"அடத் தூ!"

வாசலில் செல்லியம்மா. பஸ் தூசியும் வியர்வையுமாக நின்றாள். புருஷன் போய் என்னதான் திட்டப்போகிறான் என்று பார்க்க அடுத்த பஸ் பிடித்து வந்தவள், ஜன்னல் ஓரம் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை.

"சோளக்கொல்லை பொம்மைக்கு சட்டை மாட்டுனா மாதிரி வந்து நிக்கிறியே! என் பேரைத் துன்னுட்டு ஏப்பம் உடத் தெரிஞ்சிது, ஒரு வார்த்தை உடத் தெரியல? நீ மேய்க்கிற ஆடு உன்னை சந்தையில வித்துட்டு வர! நீ குடிக்கிற டீயில ஈ வந்து குடும்பம் நடத்த!" அப்படியே தேர்வாளர் பக்கம் திரும்பினாள். "சாரு! பெரிய சாரு! ஒரு பொண்ணு வெயில்ல உக்காந்து எழுதுனதை பொய்யின்றியா? நீ மெட்ராஸ் போற ரயிலு கூடூருலயே படுத்துத் தூங்க! உன் கண்ணாடி மூக்குல நிக்காம மாடு மாதிரி மேயப் போக! நீ மொகம் மண்ட!" விரல் தமிழ்வேந்தன் பக்கம் நகர்ந்தது. "உனக்கும் அதே!"

"மேலது" என்று முணுமுணுத்தார் மாமா. ஒரு துண்டுக் காகிதத்தில் வேகவேகமாக எழுதிக்கொண்டிருந்தார்.

விரல் அவரிடம் வந்து நின்றது. "நீயி! பட்டனைத் தட்டி என்னை வெறும் பொண்டாட்டி ஆக்குனவனே! உன் கம்ப்யூட்டரு நீ அ தட்டுனா ஃ போட!"

மாமாவின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. ஞாயிறு பள்ளி மிட்டாய் கிடைத்த மாதிரி கைகூப்பினார்.

செல்லியம்மா மூச்சு வாங்க நின்றாள். அறை முழுக்கக் கை தட்டியது. திலீப் பேனாவைத் திறந்து, "கூடூரில் படுத்துத் தூங்க" என்று மெல்லச் சொல்லிக்கொண்டே எழுதினார். பிறகு நிமிர்ந்தார். "களப்பணியில் ஐயமில்லை. பட்டம் பரிந்துரைக்கிறேன். ஆனால் பட்டியலைத் திருத்த வேண்டும். இன்றே. அம்மா பெயர் முதலில்."

"பேருக்கு முன்னாடி யாரும் நிக்கக்கூடாது" என்றாள் செல்லியம்மா.

"நிற்க மாட்டார்கள்."

பெரிய சோதனை முடிந்ததென்று நினைத்தோம். அப்போது முனிரத்தினம் துண்டால் கண்ணைத் துடைப்பது தெரிந்தது. "அப்போ நானு அதுல எங்கயும் இல்லியா?" என்று கேட்டார். டீக்கடை நாற்காலி அவர் நினைப்பில் ஆடியிருக்க வேண்டும்.

செல்லியம்மா அவரைப் பார்த்தாள். "வாங்குனவன் இல்லாம திட்டு எங்க கீது?" என்றாள். அவள் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

மாமா கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார்.

"கடிதம்!" என்றார். "கடிதத்தைப் பட்டியல்ல போடும்போது எழுதினவர் பேரு முதல்ல, யாருக்குன்னு அடுத்து. திட்டும் அப்படித்தானே?"

கடைக்கு ஓடிப்போய் அடித்துக்கொண்டு வந்தார். நான் துறை வாசலில் நின்று, காற்புள்ளி முற்றுப்புள்ளி உட்பட எல்லோருக்கும் உரக்கப் படித்தேன்.

"பிழைதிருத்தம், முற்றுப்புள்ளி. செல்லியம்மா, முற்றுப்புள்ளி. முனிரத்தினத்துக்கு நேரடித் திட்டு, முற்றுப்புள்ளி. வரதய்யபாளையம் குழாயடி, முற்றுப்புள்ளி."

செல்லியம்மா இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். முனிரத்தினமும் அதையே கேட்டார். டீக்கடையில் காட்ட ஒரு நகல் வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மோனிகா சித்தூருக்குப் போன் போட்டு, வேலையில் சேருகிறேன் என்று கத்தினாள். போனே தேவையில்லை, அப்படியே சித்தூருக்குக் கேட்டிருக்கும்.

சீட்டில் கீழே இன்னும் சில வரிகள் இருந்தன. இத்தனை ஆண்டுகள் ஊரார் பெயரையெல்லாம் அடுக்கிய மாமா, முதல் முறையாகத் தன் பெயரையும் ஒரு பட்டியலில் ஏற்றியிருந்தார். "செல்லியம்மா. நேசகுமாருக்கு நேரடித் திட்டு. வாய்மொழித் தேர்வு அறை, திருப்பதி." தமிழ்வேந்தனுக்கு "மேலது".

கையெழுத்துப் போட வந்த பேராசிரியர் திலீப் சீட்டைப் படித்துவிட்டுத் தயங்கினார். "எனக்கும் ஒன்று கிடைத்ததே. அது வராதா?"

"வரும் சார், அதுக்குத்தான் இடம் விட்டிருக்கேன்" என்றார் மாமா. பேனாவை எடுத்தவர் நிறுத்தினார். இந்த முறை அவசரப்படவில்லை. "சார், உங்க பேருக்கு முன்னாடி ப இருக்குதே. அது வீட்டுப் பேரா, ஊரா, நைனாவா?"

"நைனாதான்" என்றார் திலீப், வாசலில் முந்தானையை உதறிக்கொண்டு நின்ற செல்லியம்மாவை ஓரக்கண்ணால் பார்த்தபடி. "தயவுசெய்து அவரை இதில் இழுக்காதீர்கள்."